துப்பாக்கிப் பாதுகாப்புப் பயிற்றுநர் ஆக நினைப்பவர்கள் செய்யும் தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று வந்தவர்கள் நிறைய. இந்த வேலைக்கு முதலில் ஆசைப்படுவதும் அவர்கள்தான். இருபது வருடம் எஸ்.எல்.ஆர்., இன்சாஸ் என்ற ராணுவ ரைபிள்களைத் தூக்கியவருக்குத் துப்பாக்கி தெரியும், அதில் சந்தேகமில்லை. ஆனால் வகுப்புக்கு வருகிறவர் வாழையும் மரச்சீனியும் போட்டிருக்கும் விவசாயி. அவர் வீட்டில் இருப்பது அப்பா காலத்து 12 போர் (குழல் அளவு) இரட்டைக்குழல், அல்லது ஒரு ரிவால்வர். பெரும்பாலான ரிவால்வர்களில் விசையைப் பூட்டும் சேஃப்டி லீவர் தனியாகக் கிடையாது. பழக்கதோஷத்தில் "சேஃப்டியைப் போடு" என்று கத்தினால், அவர் இல்லாத லீவரைத் தேடி விரலை எங்கெங்கோ கொண்டுபோவார். தனக்குத் தெரிந்த துப்பாக்கியைச் சொல்லித்தருவதுதான் முதல் தவறு. மாணவரிடம் என்ன துப்பாக்கி இருக்கிறது என்று கேட்டுவிட்டுப் பாடத்தை ஆரம்பியுங்கள்.

இரண்டாவது தவறு சான்றிதழில். என்.ஆர்.ஏ., என்.ஆர்.ஏ.ஐ. இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம். முன்னது 1871-ல் தொடங்கிய அமெரிக்க ரைபிள் சங்கம், பின்னது 1951-ல் தொடங்கிய நம் தேசிய ரைபிள் சங்கம். அமெரிக்கப் பயிற்றுநர் தேர்வில் தேற 90 சதவீதம் எடுக்க வேண்டும். படித்தால் அறிவுக்கு நல்லது, ஆனால் நம் ஊர் லைசன்ஸ் வேலைக்கு அது உதவாது. இங்கே 2016-ம் ஆண்டு ஆயுத விதிகள்படி, லைசன்ஸ் கேட்பவர் பாதுகாப்புப் பயிற்சி முடித்து எஸ்-1 படிவத்தில் சான்று வாங்க வேண்டும். அதைக் கொடுக்க உங்களுக்கு அங்கீகாரம் வேண்டும். விளையாட்டுப் பயிற்சியாளர் சான்றிதழ் வேறு, இது வேறு. ஏதாவது கோர்ஸுக்குப் பணம் கட்டும் முன், நாகர்கோவில் கலெக்டர் அலுவலகத்தில் ஆயுத லைசன்ஸ் பார்க்கும் பிரிவுக்குப் போய், "இவர்கள் தரும் சான்று செல்லுமா" என்று எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கட்டிய பணம் திரும்பி வருவது அபூர்வம்.

பழைய நோட்டை வைத்துச் சட்டப் பாடம் எடுப்பவர்களும் உண்டு. ஒருவர் மூன்று துப்பாக்கி வைக்கலாம், லைசன்ஸ் மூன்று வருடம் என்பதெல்லாம் 2019 டிசம்பரோடு போயிற்று. இப்போது இரண்டு துப்பாக்கி, ஐந்து வருடம். பயிர்ப் பாதுகாப்புக்கு லைசன்ஸ் கிடைத்துவிட்டால் தோட்டத்துக்கு வரும் பன்றியைச் சுடலாம் என்ற நம்பிக்கையும் பரவலாக இருக்கிறது. காட்டுப்பன்றி 1972-ம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்துக்குள் வரும் விலங்கு. துப்பாக்கி லைசன்ஸ் வேட்டை அனுமதி ஆகாது. இதை வகுப்பிலேயே உடைத்துச் சொல்லாவிட்டால் மாணவர் வனத்துறை வழக்கில் போய் நிற்பார்.

இனி கைவேலை. உயிர் போகிற தவறுகள் எல்லாம் இங்கேதான்.

பிஸ்டலைக் காலி செய்யும்போது முதலில் மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் பெட்டி) எடுக்க வேண்டும், அப்புறம்தான் ஸ்லைடை (மேலே முன்பின் நகரும் பகுதி) இழுக்க வேண்டும். வரிசை மாறினால், இழுத்ததும் சேம்பரில் (குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறை) இருந்த தோட்டா வெளியே விழும். ஸ்லைடு திரும்பும்போது மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறிவிடும். அதன்பிறகு மேகசினை எடுத்துவிட்டு "காலி" என்பார் மாணவர். துப்பாக்கி காலியாக இருக்காது. ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி, சேம்பரைக் கண்ணால் பார்க்கவும் சுண்டுவிரல் நுனியால் தொட்டுப் பார்க்கவும் பழக்குங்கள். தவறான வரிசையையும் வெடிக்காத டம்மி தோட்டா வைத்து ஒருமுறை செய்துகாட்டுங்கள். ஏறி உட்கார்ந்த அந்த டம்மியைப் பார்த்தவர் வரிசையை மறக்க மாட்டார். டம்மி வகுப்பு நடக்கும் அறைக்குள் ஒரு நிஜத் தோட்டாகூட, யாருடைய சட்டைப் பையிலும், இருக்கக் கூடாது.

12 போர் துப்பாக்கியோடு 20 போர் தோட்டாவைக் கலந்து வைப்பது இன்னொன்று. 20 போர் தோட்டா சிறியது. 12 போர் சேம்பரில் போட்டால் வழுக்கி முன்னால் போய்க் குழலுக்குள் சிக்கிக்கொள்ளும். சேம்பர் காலியாகத் தெரியும். பின்னால் ஒரு 12 போரைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், குழலை முன்னால் கை தாங்கும் இடத்திலேயே. 20 போர் தோட்டாக்களை மஞ்சளாகச் செய்வது இதற்காகத்தான். ஆனாலும் பைக்குள் எது கிடக்கிறது என்று பார்க்கச் சொல்லுங்கள்.

விசையை அழுத்தி "டிக்" சத்தம் மட்டும் வந்தால், குழல் இலக்கைப் பார்த்தபடியே 30 விநாடி. தோட்டா தாமதமாக வெடிப்பதுண்டு. வெடிச் சத்தம் வழக்கத்தைவிட மந்தமாக, "புஸ்" என்று வந்தால் இன்னும் ஆபத்து: குண்டு குழலிலேயே நின்றிருக்கலாம். அடுத்ததைச் சுடவே கூடாது, காலி செய்து குழலுக்குள் பார்த்த பிறகுதான் மற்றது.

ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சி மைதானத்தில், நீங்கள் நிற்கும் இடமும் முக்கியம். புதியவருக்குத் துப்பாக்கி இயங்காமல் மாட்டிக்கொண்டால் அவர் செய்யும் முதல் காரியம், "சார், இது இழுக்க மாட்டேங்குதே" என்று துப்பாக்கியோடு முழு உடம்பையும் உங்கள் பக்கம் திருப்புவது. குழல் உங்கள் வயிற்றுக்கு நேராக இருக்கும், விரல் விசையில். அதனால் விசை அழுத்தும் கையின் பக்கம், அரையடி பின்னால், கை எட்டும் தூரத்தில் நில்லுங்கள். "மாட்டினால் திரும்பாதீங்க, இடது கையைத் தூக்குங்க, நான் வருவேன்" என்று முன்பே நாலு தடவை சொல்லிப் பழக்குங்கள். முதல் சுடலுக்கு ஒரே ஒரு தோட்டா போதும். உதறலில் விரல் தானாக இரண்டாம் முறை அழுத்திவிடும். கட்டளைகள் பட்டாளத்து இந்தியில் வேண்டாம், தமிழில் சொல்லுங்கள். "நிறுத்து" என்பதை யார் வேண்டுமானாலும் கத்தலாம் என்பதும் தெரிந்திருக்கட்டும்.

ரப்பர் தோட்டத்திலோ குளக்கரையிலோ இலக்கு கட்டிப் பழக்க நினைக்காதீர்கள். 0.22 தோட்டாவே ஒன்றரைக் கிலோமீட்டரைத் தாண்டும், பாறையிலும் நீர்ப்பரப்பிலும் பட்டால் தெறித்துத் திசை மாறும். இங்கே ஒவ்வொரு சரிவுக்குப் பின்னாலும் வீடு இருக்கிறது. அதோடு, உங்கள் சொந்த லைசன்ஸ் துப்பாக்கியை லைசன்ஸ் இல்லாத மாணவர் கையில் கொடுப்பது ஆயுதச் சட்டப்படி குற்றம். ரேஞ்ச் உள்ள கிளப்போடு ஏற்பாடு செய்வதே வழி.

ஏர் ரைபிளை விளையாட்டுச் சாமானாக நினைத்து அவிழ்த்துவிடுவதும் தவறு. 0.177 அங்குலக் குழல் அளவில், குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கு உட்பட்டதற்கு லைசன்ஸ் வேண்டாம். ஆனால் கண்ணாடி அணியாத கண் போய்விடும். போட்டி ரைபிளின் காற்று சிலிண்டரில் 200 பார் அழுத்தம், ஆயுள் 10 வருடம். வாங்கிய தேதி இல்லை, சிலிண்டரில் அச்சிட்டிருக்கும் தயாரிப்புத் தேதிதான் கணக்கு.

கடல்காற்று இரும்பைச் சும்மா விடாது. தோல் உறைக்குள் மாதக்கணக்கில் துப்பாக்கியைப் பூட்டி வைத்தால் தோல் ஈரத்தை இழுத்துக் குழலில் புள்ளி புள்ளியாகத் துரு பிடிக்க வைக்கும். துடைத்து எண்ணெய் தடவி உறையில்லாமல் பூட்டவும், தோட்டாவை வேறு அலமாரியில் பூட்டவும் சொல்லித்தாருங்கள்.

பயிற்சிக்காகத் திருவனந்தபுரம் வட்டியூர்க்காவு ரேஞ்சுக்கு மாணவர் தன் துப்பாக்கியோடு கிளம்பினால், களியக்காவிளை தாண்டுவதற்கு முன் லைசன்ஸில் செல்லுபடியாகும் பகுதி என்ன என்று எழுதியிருக்கிறது எனப் பாருங்கள். தமிழ்நாடு மட்டும் என்றிருந்தால் துப்பாக்கி வீட்டிலேயே இருக்கட்டும், மாணவர் மட்டும் வரட்டும்.