தன்னார்வ கேம் குழுவில் கோட் தேங்காமலிருக்க

ஹட்டனில் ஒருவர், பண்டாரவளையில் ஒருவர், சம்பளமில்லாமல் இரவில் எழுதும் கோட் மெதுவாகத்தான் வரும். மூன்று வாரம் சத்தமில்லையென்றால் ஆள்மேல் சந்தேகம் வருகிறது. பெரும்பாலும் பிழை, வேலையைப் பிரித்த விதத்தில்.

"எதிரிகளின் ஏஐ" என்று ஒப்படைக்காதீர்கள். "எதிரி சுவரில் முட்டினால் திரும்ப வேண்டும்" என்று கொடுங்கள். ஒரு புல் ரிக்வெஸ்ட் (மாற்றத்தைச் சேர்க்கக் கேட்கும் கோரிக்கை) 200 வரிக்குள் இருக்கட்டும். முதல் நாளே அதை டிராஃப்டாக, அதாவது முடியாத வரைவாகத் திறக்கச் சொல்லுங்கள். தேயிலைக் கொழுந்தை நாளுக்கு இரண்டு மூன்று தடவை நிறுப்பதுபோல, அரைகுறையும் கண்ணில் பட வேண்டும்.

கோடோ என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் அதிகம் சண்டை மூட்டுவது சீன் கோப்பு (கேமின் ஒரு காட்சி அல்லது பகுதி). இருவர் ஒரே சீனைத் தொட்டால் மெர்ஜ் (மாற்றங்களை ஒன்றாக்குவது) சிக்கும்; பெரிய சீனைச் சிறு சீன்களாக உடைத்து, ஒன்றுக்கு ஒருவர். படம், ஒலியை, பெரிய கோப்புகளைத் தனியே வைக்கும் கிட் எல்எஃப்எஸ்ஸில் வையுங்கள். கோட் சேமிக்கும் தளமான கிட்ஹப் 100 எம்பிக்கு மேற்பட்ட கோப்பைச் சாதாரணமாக ஏற்காது. லயத்தில் (தோட்டக் குடியிருப்பில்) சிக்னல் மோசமா? டெப்த் 1 (--depth 1) போட்டுக் குளோன் செய்தால், அதாவது கோட்டைப் பிரதியெடுத்தால், பழைய வரலாறு இறங்காது.

மெயின் கிளையை (கோட்டின் முதன்மைப் பிரதியை) நேரடியாக மாற்ற முடியாதபடி பூட்டி, ஒருவர் ஒப்புதலைக் கட்டாயமாக்குங்கள். ஐந்து நல்ல மெர்ஜுக்குப் பிறகு கோட் களஞ்சியத்தில் எழுதும் அனுமதி (ரைட் ஆக்சஸ்). கோட்டைச் சரிபார்ப்பவரும் இரண்டு நாளுக்குள் பதில் போட வேண்டும் (தாமதம் பலமுறை இங்கேதான்). பத்து நாள் அசைவில்லையென்றால் கேட்டுவிட்டு வேலையை விடுவியுங்கள், ஆளை அல்ல.