பாட்டி மேல் இறங்கிய கோபம்

எமோஷனல் இன்டெலிஜென்ஸ், அதாவது உணர்வுசார் நுண்ணறிவு என்றதும் செவிலியர், டாக்டர்களில் பலர் 'சிரித்த முகமாகப் பேசுவது' என்று எடுத்துக்கொள்கிறார்கள். முதல் தவறு இதுதான். 1990-ல் சாலவே, மேயர் என்ற இரு உளவியலாளர்கள் சொன்னது வேறு: தன் உணர்வையும் பிறர் உணர்வையும் கவனித்து, இனம்பிரித்து, அதை வைத்து யோசிப்பது, நடந்துகொள்வது. தன்னுடையது முதலில் வருகிறது, பாருங்கள்.

மதுரையில் ஒரு மருத்துவமனையில் செவிலியராக இருந்தபோது நான் சறுக்கியது அங்கேதான். நைட் டூட்டி முடிகிற நேரம். கேஸ் ஷீட்டில் ஏதோ விட்டுப்போனதற்கு டாக்டரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தேன். உசிலம்பட்டிப் பக்கத்துப் பாட்டி ஒருவர், "குளுக்கோஸ் இறங்கலையே தாயி" என்று மூன்றாவது முறையாகக் கேட்டார். "எனக்குத் தெரியாதா?" என்று கத்திவிட்டேன். அதன்பிறகு பாட்டி வாயே திறக்கவில்லை. கை வீங்கியதைக்கூடச் சொல்லவில்லை. ஊசி நரம்பை விட்டு விலகியிருந்ததை அடுத்த ஷிஃப்ட் சிஸ்டர்தான் பார்த்தார். இப்போதெல்லாம் திட்டு வாங்கினால் நேராகப் படுக்கைப் பக்கம் போவதில்லை. கை கழுவும் இடத்தில் கொஞ்ச நேரம் நிற்பேன். எப்படியும் கழுவத்தானே வேண்டும்.

அடுத்தது, பேச்சை வெட்டுவது. 1984-ல் அமெரிக்காவில் பெக்மன், பிராங்கெல் இருவரும் வெளியிட்ட ஆய்வில், நோயாளி பேச ஆரம்பித்துச் சராசரியாக 18 நொடியில் டாக்டர்கள் குறுக்கிட்டிருந்தார்கள். நம் ஓ.பி. வரிசைக்கு அதுவே தாராளம் என்பீர்கள். சரி, ஆனால் நம் பக்கத்து ஆட்கள் மூட்டுவலியில் தொடங்கி, ஆடு, பஸ், மருமகள் என்று சுற்றி, எழுந்திருக்கும்போதுதான் "அப்புறம்... நெஞ்சு லேசாப் பிசையுதுங்க" என்பார்கள். சீட்டு எழுதும் முன்பே "வேற ஏதும் இருக்கா?" என்று கேட்டுவிடுங்கள்.

கெட்ட செய்தி சொல்ல வேண்டியிருக்கும்போது "அழாதீங்க, எல்லாம் சரியாயிடும்" வேண்டாம். சரியாகாது என்று தெரிந்தே சொன்னால் அது பொய். உட்கார்ந்து, நோயாளிக்குத் தன் நோயைப் பற்றி இதுவரை என்ன தெரியும் என்று கேட்டுவிட்டு ஆரம்பியுங்கள். தேனியிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் பஸ் ஏறி வந்தவர்களிடம், லிஃப்ட் வாசலில் நின்றபடி, அதுவும் மகனிடம் மட்டும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். பக்கத்தில் நிற்கும் அம்மா நம் முகத்தைப் பார்த்தே புரிந்துகொள்வார்.

கண் கலங்கினால் தப்பா என்று பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் கேட்பார்கள். தப்பில்லை. மருந்து அளவு பார்க்கிற நேரத்தில் கலங்கினால் மட்டும், அந்த வேலையைப் பக்கத்து சிஸ்டரைப் பார்க்கச் சொல்லிவிட்டு வெளியே போய் வாருங்கள்.