1881-இன் இரட்டையர் இறுதியாட்டம்: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

இன்று அமெரிக்க ஓப்பன் எனப்படும் போட்டியின் தொடக்கமான அமெரிக்காவின் முதல் தேசிய டென்னிஸ் சாம்பியன்ஷிப், 1881 ஆகஸ்ட் 31 முதல் செப்டம்பர் 3 வரை ரோட் ஐலண்ட் மாநிலத்தின் நியூபோர்ட் நகரில் புல்தரையில் நடைபெற்றது. ஆடவர் இரட்டையர் இறுதியில் கிளாரன்ஸ் கிளார்க், பிரெடரிக் டெய்லர் இணை, அலெக்சாண்டர் வான் ரென்சலர், ஆர்தர் நியூபோல்ட் இணையை 6–5, 6–4, 6–5 என்ற செட் கணக்கில் வென்றது.

இந்த 6–5 என்ற எண்ணைத்தான் பலர் அச்சுப்பிழை என எண்ணி 7–5 என்றோ 7–6 என்றோ மாற்றிவிடுகிறார்கள். ஒரு செட்டில் கேம்கள் ஐந்துக்கு ஐந்து என்று நின்றால் இரண்டு கேம் முன்னிலை பெற வேண்டும் என்பது இன்றைய பழக்கம். அன்றைய அந்த ஆட்டத்தில் அடுத்த ஒரே கேம் செட்டை முடித்துவைத்தது. ஆறுக்கு ஆறு என்று நிற்கும் செட்டை ஒரே கூடுதல் கேமில் 7–6 என முடிக்கும் டை-பிரேக் முறையோ 1970-இல்தான் அமெரிக்க ஓப்பனுக்கு வந்தது. எண்ணைத் திருத்துபவர் ஆட்டத்தின் உயிரையே அழித்துவிடுகிறார் என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். மொத்தம் ஆடப்பட்ட 32 கேம்களில் வென்றவர்கள் எடுத்தது 18, தோற்றவர்கள் எடுத்தது 14. மூன்று செட்களில் இரண்டு, ஒரேயொரு கேம் வித்தியாசத்தில் கைமாறின. நேர் செட்களில் வெற்றி என்பதால் எளிய வெற்றி என்று எழுதுவது அந்த நால்வருக்கும் செய்யும் அநீதி.

வலையை இன்றைய அளவில் கற்பனை செய்துகொண்டு ஆட்டத்தை விவரிப்பதும் தவறாகும். இன்று கம்பத்தருகே மூன்றரை அடி உயரமுள்ள வலை, அன்று நான்கு அடி இருந்தது. நடுவில் மூன்று அடிதான். பக்கக்கோட்டை ஒட்டி நேராகப் பந்தை அடிப்பவர், இன்றையவரைவிட அரையடி கூடுதலாக அதைத் தூக்கியாக வேண்டியிருந்ததால், வலையருகே நிற்பவருக்குக் கை எட்டும் உயரத்தில் பந்து வந்து சேர்ந்தது. அக்காலத்தவர் ஏன் வலையருகே நிற்பவரைத் தாண்டிப் பக்கவாட்டில் பந்தை அடிக்கவில்லை என்று குறைகூறும் முன் இந்த அரையடியை நினைவில் கொள்ள வேண்டும்.

1880-இல் ஸ்டேட்டன் ஐலண்டில் நடந்த போட்டியை முதல் தேசியப் போட்டியாகக் கணக்கிடுவதும் கூடாது. அங்கே பந்தின் அளவைப் பற்றியே தகராறு எழுந்தது. விதிகளை ஒரே சீராக்கும் நோக்கத்துடன் 1881 மே 21 அன்று நியூயார்க்கில் தேசிய டென்னிஸ் சங்கம் உருவான பிறகே, அதன் பெயரில் நியூபோர்ட் போட்டி நடைபெற்றது. விம்பிள்டனைப் பார்த்தே அமெரிக்கர் இரட்டையரைச் சேர்த்தனர் என்றும் சிலர் எழுதுகிறார்கள். விம்பிள்டன் 1877-இல் தொடங்கினாலும் அங்கே ஆடவர் இரட்டையர் சேர்ந்தது 1884-இல்தான்.

போட்டி நடந்த நியூபோர்ட் கேசினோ என்ற இடப்பெயரைச் சூதாட்ட விடுதி என்று மொழிபெயர்ப்பது வேதனை தரும் பிழை. அது 1880-இல் திறக்கப்பட்ட பொழுதுபோக்கு மன்றம். அதே வளாகத்தில் இன்று சர்வதேச டென்னிஸ் புகழரங்கம் இருக்கிறது.

பெயர்களிலும் கவனம் வேண்டும். 1881-இல் வென்றவர் கிளாரன்ஸ் கிளார்க். 1885-இல் ரிச்சர்ட் சியர்ஸுடன் சேர்ந்து வென்றவர் அவருடைய தம்பி ஜோசப் கிளார்க். சகோதரர்கள் இருவரும் 1883-இல் இங்கிலாந்து சென்று அங்கே முன்னணி ஆட்டக்காரர்களாக இருந்த ரென்ஷா சகோதரர்களை எதிர்த்து ஆடியதால் இக்குழப்பம் எளிதில் நேர்கிறது. டெய்லர் விஷயத்தில் நேர்வது இதற்கு நேர்மாறு: ஃபிலடெல்பியாவின் மிட்வேல் எஃகு ஆலையில் தொழிலாளரின் வேலை நேரத்தை அளந்து, பின்னாளில் அறிவியல் மேலாண்மையின் தந்தை எனப் பெயர்பெற்ற டெய்லரையும் இந்தச் சாம்பியனையும் இருவேறு ஆட்களாக எழுதிவிடுகிறார்கள். இருவரும் ஒருவரே.

ஒற்றையர் பட்டம் வென்ற சியர்ஸே இரட்டையரையும் வென்றார் என்ற கூற்றும் 1881-க்குப் பொருந்தாது. ஜேம்ஸ் டுவைட்டுடன் அவர் முதல் இரட்டையர் பட்டத்தை வென்றது அடுத்த ஆண்டில்தான்.