கோரியன் என்று சொல்லி விற்கப்படும் பலகை: வாங்குவோர் செய்யும் தவறுகள்

சமையலறை மேடைக்குக் கிரானைட்டை விட்டுவிட்டு, பிசினும் தாதுப்பொடியும் கலந்து வார்க்கும் சாலிட் சர்ஃபேஸ் என்னும் செயற்கைப் பலகை போடத் தீர்மானிப்பவர்கள் செய்யும் முதல் தவறு, ‘கோரியன்’ என்பதை அந்தப் பொருளின் பொதுப்பெயராக எடுத்துக்கொள்வதுதான். அது 1967-இல் அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனம் உருவாக்கிய ஒரு பொருளின் வணிகப் பெயர். ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அக்ரிலிக் பிசினும், மூன்றில் இரண்டு பங்கு அலுமினா ட்ரைஹைட்ரேட் என்னும் வெண்ணிறத் தாதுப்பொடியும் கலந்து வார்க்கப்படுவது. ஹைமேக்ஸ், ஸ்டாரான் போன்றவை அதே வகைப் பொருளை வேறு நிறுவனங்கள் தம் சொந்தப் பெயரில் விற்பவை. அவற்றைப் போலி என்று ஒதுக்குவது அறியாமை. அக்ரிலிக்கோடு பாலியெஸ்டர் பிசின் கலந்த மலிவான பலகையைக்கூட அதன் உண்மைப் பெயரைச் சொல்லி விற்றால் குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்னொன்றின் பெயரைச் சொல்லி, அதன் விலையையும் வாங்கிக்கொள்ளும்போதுதான் அது மோசடியாகிறது.

மேல்பக்கத்தின் நிறத்தையும் பளபளப்பையும் பார்த்து முடிவெடுப்பது அடுத்த தவறு. புதிதாக இருக்கும்போது அக்ரிலிக் பலகையும் பாலியெஸ்டர் கலந்ததும் ஒன்றுபோலவே இருக்கும். பாலியெஸ்டர் கலந்தது மஞ்சளிப்பது சன்னல் வெயில் சில ஆண்டுகள் பட்ட பிறகுதான் தெரியவரும். பார்க்க வேண்டியது அடிப்பக்கம். பெயர் பெற்ற நிறுவனங்களின் பலகையில் பெயரும் தயாரிப்பு எண்ணும் அங்கேதான் அச்சாகியிருக்கும். பிளைவுட்டின்மேல் ஒட்டிவிட்டால் அந்தப் பக்கத்தைப் பிறகு பார்க்கவே முடியாது என்பதால், பலகை வந்து இறங்கும் நாளில் வீட்டுக்காரர் அங்கே இருந்து, கடையில் காட்டிய கையளவு மாதிரியோடு முழுப் பலகையையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட வேண்டும். மாதிரி அசலாகவும் வந்து இறங்கும் பலகை வேறாகவும் இருப்பது இந்தத் தொழிலில் பழைய தந்திரம்.

சிங்க் பொருத்த வெட்டியெடுக்கும் துண்டைக் குப்பைக்கு அனுப்பிவிடுவதையே நான் எல்லாவற்றிலும் பெரிய தவறாகக் கருதுகிறேன். அந்தத் துண்டின் விளிம்பைப் பாருங்கள்: மேலே உள்ள நிறமும் புள்ளிகளும் அடிவரை அதேபோல் ஓட வேண்டும். மேலே மெல்லிய தோல் போல ஓர் அடுக்கும் உள்ளே மரத்தூள் பலகையும் தெரிந்தால், அது சாலிட் சர்ஃபேஸே அல்ல. பிறகு அரத்தால் சிறிது ராவி, அந்தத் தூளின்மேல் வினிகரைச் சில சொட்டு விடுங்கள். சிறு குமிழ்களாக நுரைத்தால், உள்ளே அலுமினா ட்ரைஹைட்ரேட்டுக்குப் பதிலாக விலை குறைந்த சுண்ணாம்புக்கல் பொடி இருக்கிறது. நுரைக்கவில்லை என்பதற்காக மட்டும் அசல் என்று சொல்லிவிட முடியாது. பிசின் எது என்பதை இந்தச் சோதனை காட்டாது. மேடையில் வளைவு வைப்பதாக இருந்தால், ஒரு கீற்றைச் சூடேற்றி வளைத்துக் காட்டச் சொல்லுங்கள். அசல் அக்ரிலிக் பலகை சுமார் 160 டிகிரி செல்சியஸில் இளகி வளையும். பாலியெஸ்டர் மிகுந்தது விரிசல் விடும். லைட்டரால் கொளுத்திப் பார்க்கும் வழக்கம் மட்டும் வேண்டாம்; புகை நல்லதல்ல, பழகாத மூக்குக்கு அதன் வாடையும் எதையும் உணர்த்தாது.

தடிமனிலும் ஏமாறுகிறார்கள். முன்விளிம்பில் பட்டை ஒட்டிக் கனமாகக் காட்டுவது முறையான வேலைதான். ஆனால் 12 மில்லிமீட்டருக்குப் பணம் வாங்கிக்கொண்டு, சுவருக்குப் போடும் 6 மில்லிமீட்டர் பலகையை அதன் பின்னால் ஒளித்துவிடவும் அதே பட்டை உதவும். சிங்க் துளையில் அளந்தால் தெரிந்துவிடும்.

“கீறலே விழாது, கொதிக்கும் குக்கரை அப்படியே வைக்கலாம்” என்று விற்பவர் சொன்னால் அங்கேயே சந்தேகப்படலாம். அசலிலும் கீறல் விழும், சூட்டில் தழும்பு விழும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து மீட்டுக்கொள்ள முடிவதே அதன் சிறப்பு. தழும்பு ஆழமாகிவிட்டால் அந்த இடத்தை வெட்டியெடுத்து அதே பலகையின் துண்டால் ஒட்டுப்போட வேண்டியிருக்கும், ஆகவே சோதித்து மீந்த சிங்க் துண்டைப் பரணில் போட்டு வையுங்கள்.