திராட்சை அடிச்சாம்பல் நோய்க்கு மரபணு வலையமைப்பு வரைவது எப்படி?

இலையின் மேல்புறம் எண்ணெய் பட்டது போல மஞ்சள் புள்ளி, அதே இடத்தில் அடிப்புறம் வெள்ளைப் பூச்சு. இதுதான் அடிச்சாம்பல் நோய். காரணம் பிளாஸ்மோபாரா விட்டிகோலா. வட அமெரிக்காவைச் சேர்ந்த இந்தக் கிருமி 1878-ல் பிரான்சில் முதன்முதலாகத் தென்பட்டது. இது தொற்றியதும் கொடியில் பல மரபணுக்களின் செயல்பாடு ஒன்றுசேர்ந்து ஏறுகிறது, இறங்குகிறது. அந்தக் கூட்டாளிகளைக் கண்டுபிடிக்கத்தான் வலையமைப்பு: ஒவ்வொரு மரபணுவும் ஒரு கணு, சேர்ந்து மாறுபவற்றுக்கு இடையே ஒரு கோடு.

முதலில் தரவு. ஜியோ (GEO) என்ற பொதுத் தரவுத்தளத்தில் ஆர்.என்.ஏ. வரிசைத் தரவுகள், அதாவது எந்த மரபணு எவ்வளவு செயல்படுகிறது என்று காட்டும் தரவுகள், இலவசம். தொற்றிய இலை, தொற்றாத இலை இரண்டும் ஒரே ஆய்வில் இருப்பதாக எடுங்கள். 15 மாதிரிகளுக்குக் குறைந்தால் வேண்டாம். தற்செயல் ஒற்றுமைகள்கூட உறவு போலத் தெரியும்.

அடுத்து வடிகட்டல். எந்த மாதிரியிலும் சரியாக வெளிப்படாத மரபணுக்களை நீக்கி, மீதியை மடக்கை அளவுக்கு மாற்றுங்கள்.

இனி ஆர் (R) என்ற நிரல்மொழியில், இத்தகைய வலையமைப்பு கட்டும் டபிள்யூ.ஜி.சி.என்.ஏ. (WGCNA) தொகுப்பைத் திறக்கலாம். இது ஒவ்வொரு மரபணு ஜோடியின் ஒட்டுறவெண்ணையும் (இரண்டும் எவ்வளவு சேர்ந்து மாறுகின்றன என்று சொல்லும் எண்) ஓர் அடுக்குக்கு உயர்த்துகிறது. அடுக்கு 6 என்றால் 0.9 என்பது 0.53 ஆகிறது, 0.4 என்பதோ 0.004. வலுவான உறவு நிற்கும், பலவீனமானது கரைந்துவிடும். எந்த அடுக்கு என்பதைத் தொகுப்பு தரும் வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள்: சில மரபணுக்களுக்கு மட்டும் நிறையக் கோடுகள், மற்றவற்றுக்குக் கொஞ்சம் என்ற அமைப்போடு பொருத்தம் 0.8-ஐத் தொடும் மிகச் சிறிய அடுக்கு போதும். அப்புறம் கொத்துகளாகப் பிரித்து, எந்தக் கொத்து தொற்றோடு சேர்ந்து ஏறுகிறது என்று பாருங்கள்.

பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். எனக்கு இதற்கு அடுத்த படிதான் முக்கியம்: தெரிந்த ஒன்றை வைத்துச் சோதியுங்கள். ரெஸ்வெராட்ரால் என்ற தற்காப்புப் பொருளைத் திராட்சை தயாரிக்க ஸ்டில்பீன் சிந்தேஸ் மரபணுக்கள் தேவை. அவற்றை இயக்குபவை மிப்14 (MYB14), மிப்15 (MYB15) என்ற மரபணுக்கள். தொற்றோடு ஏறும் கொத்தில் இவை அருகருகே வந்தால் வலையமைப்பை ஓரளவு நம்பலாம். ஆனால் ஒரு எச்சரிக்கை. ஸ்டில்பீன் சிந்தேஸ் குடும்பத்தில் 40-க்கும் மேற்பட்ட மரபணுக்கள், பெரும்பாலும் 16-ஆம் குரோமோசோமில், கிட்டத்தட்ட ஒரே மாதிரி. ஒன்றின் ஆர்.என்.ஏ. துண்டுகளைக் கணினி இன்னொன்றின் கணக்கில் எழுதிவிடும். அப்போது இல்லாத உறவும் உறுதியாகத் தெரியும். ஆகவே பல இடங்களில் பொருந்தும் துண்டுகளை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று பாருங்கள்.

சரி, இனி வலையமைப்பு வரையும் மென்பொருளான சைட்டோஸ்கேப்பில் படம். எல்லாக் கோடுகளையும் ஏற்றினால் ஒன்றும் புரியாது. வலுவான சில நூறு கோடுகளை மட்டும் ஏற்றுங்கள். மிப்14-ஐச் சுற்றி இன்னும் பணி தெரியாத மரபணு ஏதாவது தெரிந்தால் குறித்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்தில் சோதித்துப் பார்க்க வேண்டிய முதல் பெயர் அதுதான்.