கைடு தேடுகிறீர்களா? எச்-இண்டெக்ஸுக்குக் கீழேயும் பாருங்கள்

ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித்தரும் கூகுள் ஸ்காலரில் ஒரு ஆய்வாளரின் பக்கத்தைத் திறந்தால் கண் நேராக வலப்பக்கம் இருக்கிற சின்னப் பெட்டிக்குத்தான் போகும்: மொத்த மேற்கோள் (மற்ற கட்டுரைகள் இவருடையதை எத்தனை தடவை சுட்டியிருக்கின்றன), எச்-இண்டெக்ஸ், ஐ10 (பத்து மேற்கோளாவது வாங்கிய கட்டுரைகள் எத்தனை). மூளைக்கு மருந்து கொண்டுசேர்க்கும் துறையில் பிஎச்டிக்கு கைடு தேடுகிறவர்கள் பலர் அதை மட்டும் பார்த்துவிட்டு மெயில் தட்டிவிடுகிறார்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும், அந்தப் பெட்டி சொல்லாதது நிறைய கீழே கிடக்கிறது.

முதலில் ஆள் சரியான ஆள்தானா என்று பாருங்கள். நம் பெயர்களில் இது பெரிய தலைவலி. இனிஷியலும் ஊரெல்லாம் வைக்கிற பெயரும் என்றால், ஸ்காலர் வேறொருவரின் கட்டுரையையும் கொண்டுவந்து ஒட்டிவிடும், பக்கத்துக்கு உரியவரும் கவனிக்காமல் விட்டிருப்பார். மூளை ஆய்வாளரின் பட்டியலில் கான்கிரீட் பற்றி ஒரு கட்டுரை தலைகாட்டினால் விஷயம் அதுதான். ஆய்வாளர் ஒவ்வொருவருக்கும் தனியாகத் தரும் ஆர்சிட் எண் கிடைத்தால் அதோடு ஒப்பிடுங்கள்.

எச்-இண்டெக்ஸ் என்பது 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு. ஒருவரின் ஆறு கட்டுரைகளுக்கு 90, 40, 12, 6, 5, 3 மேற்கோள்கள் என்று வையுங்கள். குறைந்தது ஐந்து மேற்கோள் வாங்கியவை ஐந்து இருப்பதால் எச் 5. அந்த 90 நாளைக்கு 9000 ஆனாலும் அதே 5தான். பல வருடம் இருந்தவருக்கு எண் தானாகக் கூடும் என்பதால் இளம் பேராசிரியரை மூத்தவரோடு ஒப்பிடாதீர்கள். ஸ்காலர் ஆய்வேடு, முன்பதிப்பு (இதழில் வருமுன் இணையத்தில் போடும் கட்டுரை) எல்லாவற்றையும் எண்ணும், ஸ்கோபஸ் என்ற இன்னொரு தரவுத்தளம் அவ்வளவு எண்ணாது. இவரை இங்கேயும் அவரை அங்கேயும் பார்த்து ஒப்பிட்டால் கணக்கு கெட்டுவிடும்.

அப்புறம் பட்டியலில் மேலே இருக்கிற ஐந்தைத் திறங்கள். ரிவ்யூவா (மற்றவர்கள் செய்த ஆய்வுகளைத் தொகுத்து எழுதுவது), சொந்த ஆய்வா? இந்தத் துறையில் ஏகப்பட்ட கட்டுரைகள் ஒரே வரியில்தான் தொடங்கும்: சிறு மூலக்கூறு மருந்துகளில் 98 சதவீதத்துக்கு மேல் இரத்த-மூளைத் தடுப்பை (இரத்தத்தில் இருப்பது மூளைக்குள் போகாமல் காக்கும் சுவர்) தாண்டுவதில்லை. அந்த வரிக்கு யாரையாவது காட்டியாக வேண்டும், ஒரு ரிவ்யூவைக் காட்டிவிடுவார்கள். அப்படிச் சேர்ந்த ஆயிரம் மேற்கோள் ஆய்வகத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லாது. ரிவ்யூ எழுதுவது தப்பில்லை, ஆனால் ஐந்தில் நான்கு ரிவ்யூ என்றால் நான் கொஞ்சம் யோசிப்பேன்.

சொந்த ஆய்வுக் கட்டுரை ஒன்றை எடுத்து, மருந்து மூளைக்குள் போனது என்று எப்படிக் காட்டியிருக்கிறார்கள் என்று தேடுங்கள். ஒளிரும் படம் மட்டும்தானா, கொடுத்த டோஸில் எத்தனை சதவீதம் திசுவில் சேர்ந்தது என்ற எண் உண்டா? அளப்பதற்கு முன் மூளையின் இரத்தக் குழாய்களைக் கழுவினார்களா? கழுவாவிட்டால் குழாய்க்குள் நின்ற மருந்தும் மூளைக்குள் போனதாகக் கணக்கில் வந்துவிடும். மூக்கு வழி மருந்து என்றால் இன்னும் உஷார்: மருந்து மூளைக்கு ஏறுவதாகச் சொல்லும் வழி மோப்பப் பகுதி; எலியின் மூக்கு உட்பரப்பில் சுமார் பாதி அதுதான், மனிதனுக்கு பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. இதைப் பற்றி விவாதப் பகுதியில் ஒரு வரிகூட இல்லை என்றால் என்ன சொல்வது.

ஒரு கட்டுரையின் மேற்கோள் எண்ணைச் சொடுக்கி, அதை மேற்கோள் காட்டுகிறவர்கள் யார் என்றும் பாருங்கள். அதே குழுவின் பெயர்களே திரும்பத் திரும்ப வருகின்றனவா? மேற்கோள் அதிகம் என்பதாலேயே நம்பிவிடவும் முடியாது: அல்சைமர் பற்றி 2006இல் நேச்சர் இதழில் வந்து, ஈராயிரத்துக்கும் மேல் மேற்கோள் வாங்கிய ஒரு கட்டுரை, படங்களில் தில்லுமுல்லு இருந்ததால் 2024இல் திரும்பப் பெறப்பட்டது. திரும்பப் பெற்றதை மருத்துவக் கட்டுரைகளுக்கான தேடுதளமான பப்மெட் தெளிவாகக் காட்டும், ஒரு தடவை அங்கேயும் தேடிவிடுங்கள்.

கடைசியாகப் பெயர் வரிசை. இந்தத் துறையில் பெரும்பாலும் முதல் பெயர் வேலை செய்த மாணவர், கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவர். உங்கள் ஆள் எப்போதும் நடுவிலேயே இருக்கிறார் என்றால் ஆய்வகம் வேறொருவருடையதாக இருக்கலாம். ஐந்து வருடத்துக்கு முந்தைய முதல் பெயர்களைக் குறித்துக்கொண்டு ஒருவருக்கு மெயில் போடுங்கள்: விலங்குச் சோதனை அனுமதிக்கு எத்தனை மாதம் காத்திருந்தீர்கள், முதல் கட்டுரை எந்த வருடம் வந்தது என்று. பலர் பதில் போடுவார்கள், சிலர் போன் நம்பரே கேட்பார்கள்.