மூன்று புள்ளிகளும் ஒரே கோட்டில் வந்துவிட்டால் போதுமா?

வரைபடத்தாளில் மூன்று புள்ளிகளைக் குறித்து அளவுகோலை வைத்துப் பார்த்தால், மூன்றும் ஒரே கோட்டில் இருக்கின்றன. உடனே ஒரு நிம்மதி. இரு மாறிகள் கொண்ட நேரிய சமன்பாட்டுக்கு, அதாவது நேர்கோடாக அமையும் சமன்பாட்டுக்கு, வரைபடம் வரையும்போது பலர் ஏமாறும் இடம் இதுதான்.

2எக்ஸ் + 3ஒய் = 12 என்பதை எடுத்துக்கொள்வோம். 3ஒய் = 12 − 2எக்ஸ் என்று மாற்றியபின் இருபுறமும் 3 ஆல் வகுக்க வேண்டும். அவசரத்தில் 12-ஐ மட்டும் வகுத்து, ஒய் = 4 − 2எக்ஸ் என்று எழுதிவிடுவார்கள். எக்ஸுக்கு 0, 3, 6 கொடுத்தால் (0, 4), (3, −2), (6, −8) கிடைக்கும். மூன்றும் பிசகாமல் ஒரே கோட்டில் விழும். விழாமல் என்ன செய்யும்? தவறான சமன்பாடும் நேரிய சமன்பாடுதானே! வினாவில் உள்ள சமன்பாட்டிலேயே பிரதியிட்டால்தான் குட்டு உடையும்: (3, −2)-க்கு 6 − 6 = 0; 12 வரவில்லை. சரியான புள்ளிகள் (0, 4), (3, 2), (6, 0). இங்கே எக்ஸுக்கு 3-இன் மடங்குகளைக் கொடுப்பதே நல்லது. 1, 2 என்று கொடுத்துப் பின்னங்களோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை.

அடுத்த தவறு இன்னும் கள்ளத்தனமானது. அட்டவணை சரியாக இருக்கும். குறிக்கும்போது கை மாறிவிடும். எக்ஸ் = 0 என்றால் புள்ளி ஒய் அச்சின்மேல் இருக்க வேண்டும். கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றுவதால், (0, 4)-ஐ எக்ஸ் அச்சில் கொண்டுபோய் வைக்கிறார்கள். மூன்று புள்ளிகளையும் இப்படியே மாற்றிக் குறித்தால் (4, 0), (2, 3), (0, 6) வழியாக அழகான நேர்கோடு கிடைக்கும். ஆனால் அது 3எக்ஸ் + 2ஒய் = 12-இன் கோடு! அட்டவணையை எத்தனை முறை சரிபார்த்தாலும் இது அகப்படாது. வரைந்த கோட்டிலிருந்து ஒரு புள்ளியைப் படித்துச் சமன்பாட்டில் போட வேண்டும். (2, 3)-ஐப் போட்டால் 4 + 9 = 13. ஒன்றே ஒன்று கூடுதல்; ஆனாலும் கோடு தவறு.

எக்ஸ் = 3 என்பதைப் படுக்கைக் கோடாக வரைவதும் இதே குழப்பத்தின் தம்பிதான். அது ஒய் அச்சுக்கு இணையான செங்குத்துக் கோடு.

அளவுத்திட்டத்தை எழுத மறப்பது, கோட்டைக் கடைசிப் புள்ளியோடு நிறுத்திவிடுவது ஆகியவை சிறிய பிழைகள். இரண்டாவதன் பின்னால் மட்டும் ஒரு தவறான எண்ணம் ஒளிந்திருக்கிறது: குறித்த மூன்று புள்ளிகள்தாம் தீர்வுகள் என்பது. கோட்டிலுள்ள ஒவ்வொரு புள்ளியும் தீர்வுதான். அதனால்தான் இரு முனைகளிலும் அம்புக்குறி இடுகிறோம்.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. 2 ரூபாய் மிட்டாயும் 3 ரூபாய் மிட்டாயுமாகச் சரியாக 12 ரூபாய்க்கு வாங்க வேண்டும் என்றாலும் இதே சமன்பாடுதான் வரும். அங்கே பாதி மிட்டாயும் கிடையாது, குறை எண்ணிக்கையும் கிடையாது. எனவே அந்தக் கணக்குக்கு வரைபடம் (0, 4), (3, 2), (6, 0) என்ற மூன்று புள்ளிகள் மட்டுமே.